காணாமல் போனதும் கடல் கொண்டதும்

நல்லூரில் ஆங்கில ரியூசன் கொடுக்கும் தயாளினி, வெளிநாட்டுக் கடிதங்களும் எழுதிக் கொடுப்பாள். அப்படித்தான் குருநகர் ஜெசிதா அவளிடம் வந்தாள். ஜெசிதாவின் மகள் கிறிஸ்ரினாவுக்குப் பதினேழு வயது. இத்தாலியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் தாதியர் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. தாயும் தகப்பனும் சம்மதக் கையெழுத்து வைக்கவேண்டும். தகப்பன் வின்சன்ற் மூன்று வருசத்துக்கு முன் கடலுக்கு மீன்பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. நெடுந்தீவுப் பக்கம் வள்ளம் மட்டும் கவிழ்ந்து ஒதுங்கியிருந்தது.

“அவரைக் காணேல்லை எண்டு எழுதுங்கோ ரீச்சர்,” என்றாள் ஜெசிதா.

தயாளினி ‘மிஸ்ஸிங்’ என்று எழுதினாள். சரியான சொல் விழுந்துவிட்டதென்று அவளுக்குத் திருப்தி.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. தகப்பன் ‘மிஸ்ஸிங்’ என்றால் என்றைக்காவது வந்து மகளைக் கேட்கலாம். கோர்ட் உத்தரவு இல்லாமல் சேர்க்க முடியாது. ‘லொஸ்ற் அற் சீ’ என்றால் பங்குத்தந்தையின் கடிதமும் தாயின் சத்தியக்கூற்றும் போதும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

தயாளினி வாசித்துச் சொன்னதும் ஜெசிதா கேட்டாள்: “ரெண்டும் ஒண்டுதானே ரீச்சர்?”

“கேக்க ஒண்டுபோலத்தான் இருக்கும். மிஸ்ஸிங் எண்டால், எங்கை எண்டு தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறம். மற்றது...” வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி வித்தியாசம் சொல்லிக் கொடுத்திருப்பாள். இன்று சொற்களைத் தேடவேண்டியிருந்தது. “மற்றது, கடல் கொண்டுபோட்டுது. இனித் தேடுறதுக்கு ஆள் இல்லை.”

ஜெசிதா வாசலில் நின்ற சைக்கிள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் இவ்வளவு காலமும் பூசையிலை உயிரோடை இருக்கிறவைக்குள்ளைதான் அவரின்ரை பேரைச் சொல்லி மன்றாடுறனான்,” என்றாள். “யோசிச்சிட்டு வாறன்.”

நாலாம் நாள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“எழுதுங்கோ. அவர் இஞ்சை நிண்டாலும் பிள்ளையைப் போகத்தான் சொல்லுவார்.”

சத்தியக்கூற்றில் கையெழுத்து வைக்கும்போது பேனை இரண்டு தரம் நின்றது. எழும்பிப் போகும்போது மெல்லச் சொன்னாள்: “மாமிக்கு மட்டும் தெரியக்கூடாது ரீச்சர். இப்பவும் மகனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கிற மனுசி.”

கிறிஸ்ரினா இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? ஒருநாள் பின்னேரம் வின்சன்ற்றின் தாய் லூர்த்தம்மா ஓட்டோவில் வந்து இறங்கினாள். வகுப்புப் பிள்ளைகள் வாய் பார்த்தபடி இருக்க, மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“என்ரை பிள்ளை செத்துப்போனான் எண்டு ஆர் எழுதினது? அவளோ?”

ஓம் என்றால் ஜெசிதாவுக்கு மாமியாரின் வீட்டில் இனி இருக்க இடமில்லை. மகளும் பக்கத்தில் இல்லை.

“நான்தான் அம்மா எழுதினது,” என்றாள் தயாளினி. “அவா அப்பிடிச் சொல்லேல்லை. நானாத்தான் அந்தச் சொல்லைப் போட்டனான்.”

லூர்த்தம்மா மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தாள். கிழவி அவளை உற்றுப் பார்த்தாள்.

“உனக்கு இங்கிலீசு தெரியும் பிள்ளை,” என்றாள். “என்ரை பிள்ளையைத் தெரியுமோ?”

பதில் கேட்க நிற்கவில்லை. ஓட்டோ திரும்பிப் போனது. தயாளினியால் தொடர்ந்து படிப்பிக்க முடியவில்லை. பிள்ளைகளை நேரத்தோடேயே வீட்டுக்கு அனுப்பினாள்.