பதினோரு நாள் தள்ளிப்போன கடிதம்

அந்த அறிவியல் ஆசிரியை தினமும் பள்ளிக்கு வந்ததும் முதலில் ஒரு பட்டியல் போடுவாள். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியை, ஐந்து வகுப்புகளுக்குப் பாடம், போதாததற்கு ஆய்வகச் சாவியும் அவள் தலையில். எல்லாவற்றையும் மனத்திலேயே சுமந்துகொண்டு படபடப்போடு அலைந்தவள், எழுதி வைத்து, முடிந்ததை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டாள்.

ஆனால் அதிலும் ஒரு கள்ளத்தனம் புகுந்துவிட்டது. அடிப்பதில் ஒரு சுகம் இருந்தது. அதனால் சட்டென்று முடிகிற வேலைகளையே முதலில் எடுத்தாள். வருகைப் பதிவு, வினாத்தாள் நகல், அலமாரிக்குப் புதுப் பூட்டு. உட்கார்ந்து யோசித்துச் செய்ய வேண்டியது மறுநாள் தாளுக்குப் போய்விடும்.

அப்படிப் பதினோரு நாள் போனது ஒரு சிபாரிசுக் கடிதம்.

கேட்டவள் அவள் வகுப்பு மாணவி. விடுமுறையில் ஒரு மாதம் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தங்கிப் பயிலும் முகாம். விண்ணப்பம் போட்டாயிற்று, வகுப்பாசிரியையின் கடிதம்தான் பாக்கி. வாயில் இருக்கிற வார்த்தையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்கிற மாதிரி பெண் அவள். ஆனாலும் மூன்று தடவை வந்து கேட்டாள்.

"நாளைக்குக் கண்டிப்பா எழுதிடறேன்மா. இன்னும் நாள் இருக்குல்ல?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு டீச்சர்."

திங்கட்கிழமை காலை, புதுத் தாளில் 'கடிதம்' என்று எழுதிய பிறகுதான் ஆசிரியைக்குத் தேதி உறைத்தது. கெடு வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது. கூடவே, இனி அதை எழுத வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. பேனா தானாகவே அந்த வரியை அடித்தது.

மறுநாள் மதியம் மாணவியும் அவள் அம்மாவும் ஆசிரியர் அறை வாசலில் நின்றார்கள். அம்மாவுக்குச் சலவைக் கூடத்தில் இஸ்திரி வேலை. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பாதி வேலையில் ஓடி வந்திருந்தாள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க டீச்சர். லெட்டர் வரலன்னு முகாம்ல இவ பேரை எடுத்துட்டாங்களாம். நீங்க எழுதிட்டீங்கன்னு நேத்து இவளே சொன்னா. வாங்கி எங்கயோ தொலைச்சிருக்கா. இன்னொண்ணு குடுத்தீங்கன்னா நான் நேர்ல போய்க் கெஞ்சிப் பாக்கறேன்."

மாணவி உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று ஆசிரியை காத்திருந்தாள். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேதி முடிஞ்சுபோச்சே. இனிமே ஏத்துக்க மாட்டாங்க" என்றாள் ஆசிரியை. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவள் கூனிக் குறுகினாள்.

அம்மா மகளிடம் திரும்பினாள். "கேட்டியா? அவங்க எவ்வளவு வேலைக்கு நடுவுல எழுதியிருப்பாங்க. உனக்குப் பொறுப்பு வேணாமா?"

"சாரிம்மா" என்றாள் மகள்.

மாலையில் பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவனிடம் ஆசிரியை எல்லாவற்றையும் சொன்னாள். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன் அன்று நேராகக் கேட்டான்.

"அந்தப் பொண்ணு ஏன் வாயத் திறக்கல?"

"இன்னும் ஒரு வருஷம் என் வகுப்புல உக்காரணுமே."

சொல்லி முடித்ததும் அவள் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

புதன்கிழமை முதல் பாடவேளை அவளுக்கு ஓய்வு. பட்டியல் போடாமல் கடிதத்தை எழுதினாள். இருபதே நிமிடம் பிடித்தது. முகாமுக்குத் தொலைபேசியில் பேசினாள். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். தலைமையாசிரியையிடம் நடந்ததைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு சலவைக் கூடத்துக்குப் போனாள். ஆவி மண்டிய கூடத்தில் அந்த அம்மா படுக்கை விரிப்பு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு எதையும் தொலைக்கல. நான் எழுதவே இல்ல. நேத்து உங்க முன்னாடி ஊமை மாதிரி நின்னுட்டேன்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப எழுதிட்டீங்கன்னு ஏன் சொன்னா? திங்கக்கிழமை நோட்டுக் கட்டு வைக்க வந்தப்ப உங்க மேஜைல தாளைப் பாத்தாளாம். கடிதம்னு எழுதினதை அடிச்சிருந்துச்சாம். டீச்சர் முடிச்சுட்டாங்கம்மான்னு வந்து குதிச்சா." விரிப்பின் ஓரத்தை மடித்தாள். "நேத்துப் பூரா அவளைத் திட்டித் தீத்தேன் டீச்சர்."

ஆசிரியைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "மன்னிச்சிருங்க" என்றாள்.

"என்கிட்ட எதுக்கு? அவகிட்ட சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் வேணாம், கூச்சப்படுவா."

அன்றே ஆய்வகத்தில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "பரவாயில்ல டீச்சர்" என்றாள் மாணவி, அவசர அவசரமாக. அந்த அவசரத்தில் மன்னிப்பு இல்லை, அங்கிருந்து போனால் போதும் என்பதுதான் இருந்தது.

இப்போதும் ஆசிரியை பட்டியல் போடுகிறாள். யார் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்து அதை முதலில் எழுதுகிறாள். அலமாரிப் பூட்டு பல நாள் தள்ளிப்போகிறது.

அடுத்த வருடம் அந்த மாணவி மறுபடி விண்ணப்பித்தாள். கடிதத்தைக் கணக்கு வாத்தியாரிடம் கேட்டு வாங்கினாள். அவளுக்கு இடம் கிடைத்த செய்தியை ஆசிரியர் அறையில் அவர் சத்தமாகச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியையும் தட்டினாள், தலை நிமிராமல்.