வண்டு வந்தாச்சா?

நான் பல் செய்கிறவள். பல்லைப் பிடுங்குவதும் அடைப்பதும் முன்னறையில் இருக்கும் டாக்டரம்மாவின் வேலை. பிடுங்கிய இடத்தில் வைக்க வேண்டிய பல்செட்டைப் பின்னறையில் உட்கார்ந்து செய்வது என் வேலை. மெழுகு, பிளாஸ்டர், ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு, காலால் மிதித்தால் ஓடும் தேய்ப்பு மிஷின், இவைதான் என் கூட்டாளிகள். அலமாரி முழுக்க ஊர்பேர் தெரியாதவர்களின் வாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுகூட ஒரு வார்த்தை பேசாது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வாயும் கொஞ்சம் நீளம். குடும்பத்தார் எல்லோரும் இருக்கும் போன் குழுவில் அண்ணியோடு முட்டிக்கொண்டு, இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று எழுதிவிட்டு வெளியேறினேன். பள்ளித் தோழிகள் குழுவிலிருந்தும் ஒரு நாள் கோபித்துக்கொண்டு விலகினேன். அண்ணியாவது போன் போட்டுத் திட்டினாள். தோழிகளில் ஒருத்திகூட நான் இல்லாததைக் கவனிக்கவில்லை. பல நாள் கழித்துக் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட ஒருத்தி, நேற்றுக் குழுவில் போட்ட போட்டோவைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த வயிற்றெரிச்சலோடு போனில் எதையோ தடவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அறை என் கண்ணில் பட்டது. குரல் அறைகள் என்று உண்டே, முன்பின் தெரியாதவர்கள் உள்ளே போய் வளவளவென்று பேசுவார்களே, அப்படி ஒன்று. இதில் மட்டும் யாரும் பேசுவதில்லை. வாசலிலேயே எழுதியிருந்தது: ‘மைக் திறந்திருக்கட்டும். வாய் மூடியிருக்கட்டும்.’ அவரவர் இடத்தில் அவரவர் வேலையைச் செய்ய வேண்டியது. அந்தச் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்கும். அவ்வளவுதான். பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. இதென்ன கிறுக்குத்தனம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

மிஷினை மிதித்ததும், திரையில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘வண்டு’ என்று வந்து விழுந்தது. அங்கே அவரவர் சத்தம்தான் அவரவர் பெயர். எனக்கு வைத்தது தையல். அறையைத் தொடங்கியது அவள்தான். நாளெல்லாம் அவளுடைய தையல் மிஷின் ஓடும். இன்னொருவர் குறட்டை. ராத்திரி வேலைக்காரராக இருக்க வேண்டும், பகலெல்லாம் தூங்குவார். தூங்குவதைத் தவிர அந்த அறைக்கு அவர் செய்த உபகாரம் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் வராத நாளில் எனக்கு எதிலும் மனம் ஓடாது. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள்.

அப்புறம் விசில். எந்நேரமும் டைப் அடித்துக்கொண்டிருப்பார். நடுநடுவே இருமல். செருப்பை இழுத்துக்கொண்டு நடந்துபோய்க் கெட்டிலை அடுப்பில் வைப்பார். தண்ணீர் கொதித்ததும் அது விசிலடிக்கும், அடித்த மாத்திரத்தில் அணைப்பார். ஒரு கோப்பை மேசையில் வந்து உட்காரும். எப்போதும் ஒன்றே ஒன்றுதான்.

விசிலுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நினைக்கிறேன். போனின் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்திருப்பார். அதனால் ஒரு வேடிக்கை நடக்கும். என் மிஷினின் சத்தம் அவருடைய அறைக்குப் போய், அங்கே சுற்றி, அவருடைய மைக் வழியாக எனக்கே திரும்பி வரும். போகும்போது இருந்த கூர்மை வரும்போது இருக்காது. நான் பார்த்தேயிராத திரைச்சீலை, மேசை, மதிய வெயில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு மெத்தென்று வரும். மிஷினை நிறுத்திய பிறகும் ஒரு கணம் அந்த ரீங்காரம் அங்கே மிதந்துகொண்டிருக்கும். நான் இங்கே உட்கார்ந்திருக்க, என்னில் ஒரு துளி அந்த வீட்டில் உலாத்துகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மதியங்கள்தான் சொர்க்கம். முன்னறையில் நோயாளிகள் குறைந்திருப்பார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஸ்டர் தூசி இறங்காமல் மிதக்கும். தையல் ஒரு நீளத் துணியை ஓட்டுவாள், குறட்டை ஏறி இறங்கும், விசிலின் விரல்கள் தூறல் போடும். எனக்குக் கண் சொக்கும். கதவே இல்லாத பெரிய வீடு ஒன்றில் நாங்கள் ஆளுக்கொரு அறையில் இருப்பதுபோலவும், கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தையலின் முதுகு தெரியும் என்பதுபோலவும் இருக்கும். எட்டிப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றாது.

என் வீட்டுக்காரருக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. பேசாத ஆட்களோடு என்ன சிநேகிதம் என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். நன்றாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் இந்த வீட்டில் இத்தனை வருஷமாக நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன் என்றார்.

விசிலின் பக்கத்து வீட்டில் ஒரு கோபக்கார ஜீவன் உண்டு. நான் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் போதும், சுவரில் டொக் டொக் என்று இடி விழும். விசில் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைப்பார். பிறகு திருட்டுத்தனமாக மறுபடி கூட்டுவார். எனக்கு அந்தச் சுவர் இடிப்பவர் மேல் வருத்தமே இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் சுவரே மிஞ்சியிருக்காது.

ஒரே ஒரு தடவை நான் வாயைத் திறந்துவிட்டேன். செய்து முடித்த பல்செட் கை நழுவி விழுந்து இரண்டாக உடைந்தது. சனியனே என்று கத்திவிட்டேன். எல்லாச் சத்தமும் நின்றுபோயிற்று. தையல் எழுதினாள்: ‘வண்டு, இங்கே பேசுவதில்லை. இன்னொரு தடவை நடந்தால் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.’ வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு நானே கிளம்பியிருப்பேன். அன்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை என்று பயமாக இருந்தது.

அந்த மதியமும் மற்ற மதியங்களைப் போலத்தான் தொடங்கியது. விசிலின் டைப் சத்தம் மட்டும் காலையிலிருந்தே தடுமாறியது. நடுவில் நின்று நின்று போனது. செருப்பு இழுபட்டது, கெட்டில் அடுப்பில் ஏறியது, செருப்பு திரும்பி வந்தது. அப்புறம் நாற்காலி கவிழ்ந்தது. அதற்கு மேல் கனமாக ஏதோ விழுந்தது.

தையல் மிஷின் நின்றது. நான் மிஷினிலிருந்து காலை எடுத்தேன். ‘விசில்?’ என்று திரையில் தையல் எழுதினாள். யாரோ ஒருவர் ‘விசில், நலமா?’ என்று எழுதினார். தரையில் கிடப்பவர் திரையை எங்கே பார்ப்பார்? அது யாருக்கும் உறைக்கவில்லை. பேசக் கூடாது என்றால் பேசக் கூடாது என்று, நல்ல பிள்ளைகளாக எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். கெட்டில் விசிலடிக்கத் தொடங்கியது. அணைக்க யாரும் எழுந்து வரவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

வாயைத் திறந்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பும் அந்த நேரத்தில் வந்தது, பொய் சொல்வானேன். அனுப்பினால் அனுப்பட்டும் என்று போனை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தேன்.

“விசில் ஐயா, கேக்குதா? ஐயா!”

என் குரல் அவருடைய அறையைச் சுற்றிவிட்டு எனக்கே திரும்பி வந்தது. பதில் வரவில்லை. தையல் முதல் தடவையாகப் பேசினாள். அவர் பெயர், ஊர், போன் நம்பர் எதுவுமே தனக்குத் தெரியாது, யாரைக் கூப்பிடுவது என்று அழுதாள். கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டதே நான்தானே என்று மறுபடி அழுதாள். கெட்டிலின் விசில் மெலிந்துகொண்டே வந்தது. தண்ணீர் வற்றுகிறது. வற்றினால் சத்தம் நின்றுவிடும், அடுப்பு நிற்காது.

திரும்பி வந்த என் குரல்தான் எனக்கு வழி காட்டியது. நான் பேசினால் அந்த அறையில் கேட்கிறது. அந்த அறையில் கேட்டால் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

“அழுவாத. பக்கத்து வீட்ல ஒரு ஆள் இருக்காங்கல்ல, அவங்களுக்குக் கோவம் வரணும். எல்லாரும் கத்துங்க. கைல கிடைச்சதைப் போட்டு இடிங்க.”

சொல்லிவிட்டு மிஷினைக் கடைசி வரை மிதித்தேன். உலோகத் தட்டில் தேய்ப்பு முனையை வைத்து அழுத்தினேன். அது வீறிட்டது, நானும் வீறிட்டேன். தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே கத்தினாள். யாரோ பாத்திரத்தை அடித்தார்கள். குறட்டை அலறிப் புடைத்து எழுந்து, எதற்கென்றே தெரியாமல், எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடும்படி ஒரு கத்து கத்தினார்.

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் ஒரு பெண் இப்படிக் கத்தினால் முன்னறையில் என்ன ஆகும்? காத்திருந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்களாம். நாற்காலியில் படுத்திருந்தவர் கழுத்துத் துணியோடு தெருவுக்கே போய்விட்டாராம். டாக்டரம்மா கையுறையோடு ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். பேசாதீர்கள், நீங்களும் கத்துங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் புண்ணியவதி ஒரு கேள்வி கேட்காமல் கத்தினார்.

டொக் டொக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இதுவரை வந்ததில்லை. விடாமல் கத்தினோம். சுவர் இன்னும் பலமாக இடிபட்டது. பிறகு இடி நின்றுவிட்டது. அதே நேரத்தில் கெட்டிலும் மூச்சை நிறுத்திக்கொண்டது. அப்போது விசிலின் வாசல் கதவு படபடவென்று அடிபட்டது. உள்ளே என்ன கூத்து நடக்கிறது என்று ஒரு பெண்குரல் கேட்டது. நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் பதில் சொல்ல, ஒரு மண்ணும் விளங்கவில்லை. எல்லோரும் வாயை மூடுங்கள் என்று அதட்டினேன். மூடினார்கள். அதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள்.

“அம்மா, அவர் உள்ள விழுந்து கெடக்கார். அடுப்பு எரியுது. எப்படியாவது கதவைத் திறங்க.”

காலடிகள் ஓடின. குடியிருப்புக் காவலாளியைக் கூப்பிடும் சத்தம், சாவிக்கொத்து, கதவு. அடுப்பின் திருகு டக்கென்று திரும்பியது. அந்த அம்மாள் ஐயோ என்றாள். தண்ணீர் தெளித்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை நாங்கள் அப்போதுதான் கேட்டோம். மூச்சு இருக்கிறது என்று காவலாளி சொன்னார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவள் அறையைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

“இவ்ளோ பேர் குரல் கேட்டுச்சே, எல்லாரும் எங்க?”

போனில் இருக்கிறோம் என்றேன்.

“இந்த மனுஷனுக்கு யாருமே இல்லன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்” என்றாள்.

பதில் சொன்னது குறட்டை. அவருக்கு அவ்வளவு மெல்லிய குரல் இருக்கும் என்று யார் கண்டது?

“நாங்க இருக்கோம்மா.”

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காலி அறையின் நிசப்தம் கொஞ்ச நேரம் எங்களுக்குக் கேட்டது. பிறகு போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும், திரையில் விசிலின் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த விளக்கு அணைந்தது.

அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. காத்திருந்த நாட்களில் நாங்கள் பேசினோம். சட்டம்தான் உடைந்துவிட்டதே. தையல் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். குறட்டை, ராத்திரியில் ஒரு பாலத்துக்குக் காவல் இருக்கும் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். ஆனால் பேச்சு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, எங்களுக்கு வாய்ப்பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவரவர் வேலைக்குத் திரும்பினோம். நான் மிஷினை மிதித்தேன். சத்தம் போனது, திரும்பி வரவில்லை. என்னில் ஒரு துளி எங்கேயோ வெளியூரில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. அந்த மனிதர் பிழைத்தாரா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் கிண்டலை விட்டுவிட்டு, வேலையிலிருந்து வந்ததும் முதலில் தகவல் வந்ததா என்றுதான் கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன்.

பிறகு ஒரு மதியம், தூசி மிதக்கும் வெளிச்சத்தில் கண் சொக்கிக்கொண்டிருந்தபோது, விசிலின் விளக்கு எரிந்தது. கனவு என்றுதான் நினைத்தேன். செருப்பு இழுபட்டது, முன்னைவிட மெதுவாக. இருமல். தையல் மிஷின் நின்றது. குறட்டையும் நின்றது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மிஷினிலிருந்து காலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன். கெட்டில் அடுப்பில் ஏறியது, விசிலடித்தது, அடித்த மாத்திரத்தில் நின்றது. ஒரு கோப்பை மேசையில் வந்து உட்கார்ந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று உட்கார்ந்தது.

“ஏங்க, எங்க அந்த வண்டு?” என்றது சுவர் இடித்த அம்மாளின் குரல். குசுகுசுவென்று பேசுவதாக அவளுக்கு நினைப்பு. “இன்னிக்கு வரலையா?”

தையல் அதைக் கண்டித்துத் திரையில் எதுவும் எழுதவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, கையெல்லாம் பிளாஸ்டர், துடைக்கவும் முடியவில்லை. காலை இறக்கி மிஷினை மிதித்தேன். சத்தம் அங்கே போய், இரண்டு கோப்பைகளையும் தொட்டுவிட்டு, என்னிடம் திரும்பி வந்தது.