கல்கத்தாக்காரர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்து செங்கல்வராயன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் விழிப்பார்கள். கல்கத்தாக்காரர் வீடு என்று கேளுங்கள், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள். இங்கே இருக்கிற இரும்பு ஆலைகளில் கம்பி ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கும் அங்கிருந்து கிடைத்ததை ஏற்றிக்கொண்டு ஊருக்குமாக, வாலிபம் முழுவதையும் அதற்கு மேலும் ரோட்டிலேயே கழித்த மனுஷர் அவர். சர்க்கரை வந்த பிறகு அவ்வளவு தூரம் அனுப்ப முதலாளிக்கு மனசில்லை. இப்போது ஒரு ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டிவரும் லாரிகளை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் மட்டும் போகவில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. மகள் பூமிகாவை ஒரு தடவை கல்கத்தாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. அப்புறம் அவள் யாரோடு எங்கே போவாள் என்பது அவர் கையில் இல்லை.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு முழுப் பரீட்சை லீவுக்கும் கேட்பாள். "நைனா, இந்த வாட்டி என்னிய லாரில கூட்டினு போறியா?" அடுத்த லோடு, அடுத்த லோடு என்று தள்ளிக்கொண்டே வந்தவர், ஒரு வருஷம் நிஜமாகவே அவளைத் தலைவாரிப் பூவைத்து ஆலை கேட் வரைக்கும் கூட்டிப்போனார். லோடு வண்டியில் குடும்பத்தை ஏற்றக்கூடாது என்று அங்கே ஒரு மேஸ்திரி குறுக்கே நின்றுவிட்டான். செங்கல்வராயன் கெஞ்சிப் பார்த்தார், கத்தியும் பார்த்தார். கடைசியில் பிள்ளையை இறக்கி மச்சானோடு வீட்டுக்கு அனுப்பினார். அவள் அழவில்லை. சைக்கிளில் உட்கார்ந்து டாட்டா காட்டிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் எந்த லீவிலும் அவள் கேட்கவே இல்லை.

கேட்டு அழுகிற பிள்ளைக்கு ஒரு மிட்டாயாவது வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணலாம். கேட்பதையே நிறுத்திக்கொண்ட பிள்ளையை என்ன செய்வது? கல்கத்தா ரோட்டில் அவர் இதை நினைக்காத ராத்திரி குறைவு.

அதனால்தான் சித்திரையில் ஒரு நாள், நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தார்.

"எல்லாரும் ஒரு பத்து நாளு லீவு போடுங்க. கல்கத்தா போய்ட்டு வரலாம்."

"ரயில்ல புக் பண்ணட்டுமா?" என்றான் மகன் ஆகாஷ். ஒரு பழைய மாருதி வேனை வைத்துக்கொண்டு ஆலைப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிறவன். பூமிகாவும் அந்த வேனில்தான் ஓட்டப் பழகியிருந்தாள்.

"ரயில்ல போனா ரோடு எங்கடா தெரியும்? உன் வேன்லயே போறோம். நான் ஓட்றேன். வழியில நிறுத்தி, ஆக்கித் துன்னு, அங்கியே படுத்துக்கினு போறோம்."

சம்பூர்ணம் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணத்த வச்சிக்கினு யாருனா ரோட்ல போய்ப் படுப்பாங்களாய்யா? நல்லா கீது உன் ஞாயம்."

பூமிகா ரசத்தைப் பிசைந்துகொண்டே, "சரி நைனா" என்றாள். அவ்வளவுதான். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தவருக்கு அந்தச் 'சரி' போதவில்லை. ஆனாலும் விடவில்லை.

ஏற்பாடுகளில் அப்பனுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஆகாஷ் போனைத் தடவி ஏரிக்கரை, மலையடிவாரம் என்று காட்டினான். அவர் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. எந்த பெட்ரோல் பங்கில் குளிக்கத் தண்ணீர் தாராளமாக வரும், எந்தப் புளியமரத்தடியில் ஸ்டவ் அணையாமல் எரியும், எந்த தாபாக்காரன் ராத்திரி வண்டியைப் பார்த்துக்கொள்வான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆகாஷ் மட்டும் அடம்பிடித்து ஒரு கூடாரம் வாங்கிவந்தான். அதைப் பிரித்துப் பார்த்தவர், "இன்னாடா இது, கொசுவலைக்குச் சட்ட போட்ட மாதிரி கீது" என்றார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிக் கிளம்பினார்கள்.

ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்ததுமே மனுஷருக்கு இருபது வயசு குறைந்துவிட்டது. நாயுடுபேட்டையில் டயர் வெடித்த கதை, கூடூரில் மழையில் சிக்கி இரண்டு நாள் வெறும் அவலைத் தின்ற கதை, கிளீனர் மோசஸ் தூக்கக் கலக்கத்தில் வேறு லாரியில் ஏறிப் படுத்து நெல்லூர் வரை போய்விட்ட கதை. ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒன்று இருந்தது. வேன்தானே ஓட்டுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. இடது ஓரத்தையே பிடித்துக்கொண்டு, மேடு வந்தால் முன்கூட்டியே கியரை மாற்றி, திருப்பத்தில் கொள்ளை இடம் விட்டுத் திரும்பினார். பின்னால் வந்த கார்க்காரர்கள் ஹாரன் அடித்தே களைத்துப் போனார்கள்.

"யோவ், பின்னாடி கம்பி லோடு எதுவும் இல்ல, நாங்கதான் கீறோம்" என்றாள் சம்பூர்ணம்.

பூமிகா காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். கதைகளெல்லாம் அவளுக்காகத்தான் சொல்லப்பட்டன. அவளைத் தவிர மற்ற இரண்டு பேரும் கேட்டார்கள்.

முதல் இரவு ஓங்கோல் பக்கம் ஒரு பங்கில் தங்கினார்கள். சிமென்ட் தரையில் கூடாரத்தின் முளை இறங்கவில்லை. நாலு மூலைக்கும் நாலு தண்ணீர் கேன்களைக் கட்டி நிறுத்தினான் ஆகாஷ். விடிவதற்குள் காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு டேங்கர் லாரியின் மேல் போர்த்திவிட்டது. பூமிகா சிரித்தாள். ஆனால் குளியலறை வரிசையில் டிரைவர்களுக்கு நடுவே பக்கெட்டோடு நின்றபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. "ஒரு லாட்ஜ் போட்டிருக்கலாம்ல நைனா" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். செங்கல்வராயன் பக்கெட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தன் வாழ்க்கையே இந்த வரிசையில் நின்றதுதான் என்று மகளிடம் எப்படிச் சொல்வது?

அதற்கப்புறம் பெரிய ஊர் எது வந்தாலும் பைபாஸ் பிடித்தார். பெஜவாடா போனது, ராஜமுந்திரி போனது, வைசாக் போனது. எல்லாம் தூரத்தில் கட்டடங்களாகத் தெரிந்து மறைந்தன.

ஒரிசாவின் சில்கா ஏரிக்கரையில்தான் காற்று மாறியது. சாயங்கால வெளிச்சத்தில் படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. சம்பூர்ணம் பழவேற்காட்டில் பிறந்தவள். வண்டியை விட்டு இறங்கியதும் மூக்கை இழுத்து, "நம்ம ஏரி வாசனையே அடிக்குதுய்யா" என்று புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள். மீன்காரியிடம் கை பாஷையிலேயே பேரம் பேசி இறால் வாங்கிவந்தாள். செங்கல்வராயன் ஸ்டவ்வைப் பற்றவைத்து, லாரிக்காரர்கள் வைக்கிற மாதிரி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் குழம்பு வைத்தார். கூடாரமும் அந்த மண்ணில் ஒழுங்காக நின்றது.

பூமிகா தட்டோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதில் ஒயர் இல்லை.

"நைனா, போன் பண்ணா 'சில்கா தாண்டிட்டேன்'னு சொல்லுவியே, அது இதானா?"

"இதான் மா. அங்க, அந்த மேட்டாண்ட ஒரு பூத் இருந்துச்சி. அங்கியிருந்துதான் பேசுவேன்."

"நான் அத ஒரு ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். வழியில குறுக்கால நிக்கற ஆளு."

செங்கல்வராயன் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். பூமிகா அவர் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். இந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் ஓட்டிவந்தோம் என்று அவருக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் அன்றைக்கு மாத்திரை போட மறந்தார்.

ஏரியை விட்ட மறுநாள் காலை ஹவுராவுக்கு வெளியே வந்து சேர்ந்தார்கள். நெடுஞ்சாலை ஓரம் பெரிய லாரி நிறுத்தம். கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். செங்கல்வராயன் சற்றும் யோசிக்காமல் வேனை உள்ளே விட்டு, ஒரு பஞ்சாப் லாரிக்கும் ஒரு பீகார் லாரிக்கும் நடுவில் அளவெடுத்த மாதிரி நிறுத்தினார். தார்ப்பாயை விரித்தார். ஸ்டவ்வை எடுத்து வைத்தார்.

"நாஷ்டாவ முடிச்சிட்டு எல்லாரும் நல்லா தூங்குங்க. மதியத்துக்கு நான் ஆக்கறேன். ராத்திரி பத்து மணிக்கு மேலதான் உள்ள வுடுவான்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கல்கத்தாவைப் பற்றிக் கல்கத்தாக்காரரிடம் யார் கேள்வி கேட்பது? ஆகாஷ் வேனுக்கடியில் துண்டை விரித்துப் படுத்தேவிட்டான். சம்பூர்ணம் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். வெயில் ஏற ஏற லாரிகளின் இரும்பு சுட்டது. டீசல் புகையும் மூத்திர நாற்றமும் தாங்க முடியவில்லை. பூமிகா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, அந்தக் காருங்கல்லாம் உள்ள போய்க்கினே கீதே?"

"அதுங்கல்லாம் காரு மா. காருக்கு இன்னா, எப்ப வேணா போவும்."

"அப்போ நம்மளுது இன்னா?"

அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது. செங்கல்வராயன் திரும்பி வேனைப் பார்த்தார். இரண்டு மலைகளுக்கு நடுவில் அது ஒரு தீப்பெட்டி மாதிரி நின்றிருந்தது. ஆகாஷ் வேனுக்கடியிலிருந்து தலையை நீட்டி, விஷயம் புரிந்து, உருண்டு புரண்டு சிரித்தான். சம்பூர்ணம் வெங்காயக் கண்ணீரோடு சேர்த்துச் சிரித்தாள். "அடப்பாவி மனுஷா! காலையிலேருந்து எங்கள நாறடிச்சிட்டியே!"

அவரும் சிரிக்கத்தான் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது. பூமிகா சிரிக்கவில்லை.

"நைனா, நீ பகல்ல உள்ள போனதே இல்லியா?"

"லாரிய வுட மாட்டாங்க மா. ராத்திரி பூந்து, குடோன்ல லோடு எறக்கி, விடியறதுக்குள்ள வெளிய வந்துரணும். அப்பறம் இங்கதான். திரும்பற லோடு கெடைக்கிற வரைக்கும்."

"பஸ்ஸு புடிச்சினா போயிருக்கலாமே?"

"வண்டிய வுட்டுட்டா? டீசல உறிஞ்சிருவானுங்க. தார்ப்பாய அறுத்துருவானுங்க. மோசஸ் பையன் வேற தூங்குமூஞ்சி."

"அந்தப் பெரிய பாலம்? போன்ல சொல்லுவியே, வெளக்கு வெளக்கா தெரியுதுன்னு?"

"தெரியும் மா. லாரிக்கு வேற பாலம். அதுலேருந்து பாத்தா தூரத்துல தெரியும்."

தெருவே கல்கத்தாக்காரர் என்று கூப்பிடுகிற மனுஷர் கல்கத்தாவைப் பார்த்ததே இல்லை. இது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் உண்மை அதுதான். அத்தனை வருஷமும் அதை ஒரு குறையாக அவர் நினைத்ததில்லை, வேலை என்றால் அப்படித்தான் என்று இருந்தார். இப்போது மகள் முகத்தைப் பார்த்ததும் அது குறையாகத் தெரிந்தது. இவளுக்குக் காட்ட நான் என்ன கொண்டுவந்திருக்கிறேன்? ஒரு லாரி நிறுத்தத்தையா? அவமானமாக இருந்தது, அதைவிட அழுகையாக வந்தது. களைந்த அரிசியை மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தார்.

பூமிகா எழுந்துவந்து அந்தச் சட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தாள். ஸ்டவ்வை அணைத்தாள். "எழுந்திரு நைனா. போலாம்."

செங்கல்வராயன் சாவியை எடுத்தார். கும்மிடிப்பூண்டியிலிருந்து இங்கே வரை எத்தனை பள்ளம், எத்தனை வேகத்தடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், வழியெல்லாம் யார் கேட்டும் ஸ்டியரிங்கைக் கொடுக்காதவர், அந்தச் சாவியை மகளிடம் நீட்டினார்.

"நீயே ஓட்டு மா. இதுக்கு மேல எனுக்கு வழி தெரியாது."

அவள் ஓட்டினாள். அவர் பக்கத்து சீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு, கிளீனர் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஹவுரா பாலத்தில் வண்டி ஏறியபோது ஆகாஷ் ஜன்னல் வழியே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே இரும்பு, இரும்புக்கு மேலே இரும்பு. கீழே செம்மண் நிறத்தில் கங்கை, அதில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு படகுகள். ஓரமாக மூட்டைகளும் கூடைகளும் தலையில் சுமந்து ஓடுகிற ஆட்கள், சாமந்தி மாலைகளைத் தோளில் பாம்பு பாம்பாகச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள், மஞ்சள் டாக்சிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். ராத்திரியில் அவர் பார்த்த கல்கத்தாவில் இழுத்து மூடிய ஷட்டர்களும் தெரு நாய்களும்தான் இருந்தன. இத்தனை ஜனம் இருக்கிற ஊருக்கா வந்து வந்து போனோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை.

"அது இன்னா மா, அந்தச் செவப்புக் கட்டடம்? அங்க ஏன் இவ்ளோ பூவு? அந்தப் படகுல நம்மளும் போலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் பூமிகா பதில் சொன்னாள், தெரியாததற்கு வண்டியை மெதுவாக விட்டு அவரைப் பார்க்க விட்டாள்.

பாலம் முடிந்தது. வண்டி கடைத்தெரு நெரிசலுக்குள் நுழைந்தது. செங்கல்வராயன் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, மகளின் முழங்கையைத் தொட்டார்.

"இன்னொரு வாட்டி கூட்டினு போறியா மா?"

பூமிகாவின் கண்ணுக்குப் பாதை கொஞ்ச நேரம் தெரியவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னால் வந்த டாக்சிக்காரன் வாயில் வந்தபடி திட்டத் திட்ட, அந்த நெரிசலிலேயே வண்டியைத் திருப்பினாள்.