நீல வில்லை

மிசூரிச் சிறைக்கு வந்த மனநல டாக்டர் லிண்ட்கிரென் ஒரே மந்திரத்தை நம்பினார்: பரிசு கிடைக்கும் செயலை எந்த உயிரும் திரும்பத் திரும்பச் செய்யும். எலிகளிடம் பார்த்துவிட்டாராம், மனிதன் மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தான்? அதனால் புதுச் சட்டம் வந்தது. காவலர் கண்ணெதிரே சண்டையை விலக்கிவிடும் கைதிக்குப் பரிசாக ஒரு நீல பிளாஸ்டிக் வில்லை. ஐந்து சேர்ந்தால் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் வீட்டாரைச் சந்திக்கலாம்.

சண்டை குறைந்ததா? கூடியது. விலக்குவதற்கு முதலில் சண்டை வேண்டுமே.

ஆர்வில் டாக்கெட்டிடம் நான்கு வில்லைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மகள் நோரீன் வருகிறாள். கைக்குழந்தையாக விட்டுவந்தவளை அவன் அதன்பிறகு தொட்டதே இல்லை.

"கவலைய விடுடா," என்றான் அறைத்தோழன் டெல்மர். "மத்தியானம் சாப்பாட்டுல எவனையாச்சும் ரெண்டு தட்டுறேன். நீ வந்து பிடிச்சு இழு."

"மெதுவா அடி. போன தடவை ஒருத்தனுக்குப் பல்லே போச்சு."

"அது ஏற்கெனவே ஆடிட்டுதான்டா இருந்துச்சு."

டெல்மருக்கு வாய்த்தவன் ஸ்கேக்ஸ் என்ற புதியவன். டெல்மர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி அவன் முகத்தில் ஓங்கி அறைந்தான். மூக்கு உடைந்தது. ஸ்கேக்ஸுக்கு இந்த நாடகம் தெரியாது. காலுறைக்குள்ளிருந்து தீட்டிய கரண்டியை உருவி டெல்மரின் விலாவில் இறக்கினான்.

ஆர்வில் எழுந்தான். எழுந்த வேகத்தில் காவலரைப் பார்த்தான். அவர் வாசலில் வேறொருவனைச் சோதித்தபடி முதுகைக் காட்டி நின்றார். இப்போது விலக்கினால் வில்லை கிடைக்காது. ஆர்வில் நின்றான். கரண்டி மறுபடி வயிற்றில் இறங்கியது.

"போதும்டா ஆர்வில், வாடா," என்றான் டெல்மர்.

இன்னொரு குத்து. யாரோ அலற, காவலர் திரும்பினார். ஆர்வில் பாய்ந்தான். ஸ்கேக்ஸின் கழுத்தை முழங்கையால் நெரித்து, கரண்டி நழுவும்வரை அவன் தலையை மேசையில் மோதினான். அத்தனை ஆத்திரமும் தன்மேல்தான் என்று மோதும்போதே அவனுக்குத் தெரிந்தது.

டெல்மர் அங்கேயே முடிந்துபோனான்.

டாக்டர் மூச்சிரைக்க வந்தார். "உயிரையே பணயம் வச்சிருக்கீங்க, மிஸ்டர் டாக்கெட். எது உங்களைப் பாய வச்சுது? எனக்கு அது தெரியணும்."

"காவலர் திரும்பினாரு, டாக்டர்."

டாக்டருக்கு அது தன்னடக்கமாகப் பட்டது. தோளைத் தட்டிவிட்டு, ரத்தம் காயாத உள்ளங்கையில் ஐந்தாவது வில்லையை வைத்தார். அதை அவர் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்றுதான் ஆர்வில் நினைத்தான். விரல்கள் இறுக மூடிக்கொண்டன.