நாலு வரி முன்கதை

டப்பிங் வட்டாரத்தில் அவளை 'ஒன் டேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு நீளமான வசனமானாலும் ஒரே தடவையில் பேசி முடித்துவிட்டு வீட்டைப் பார்க்கப் போய்விடுவாள். அன்றைக்கு வசனமே கிடையாது. படம் தொடங்கும்போது திரையில் கீழிருந்து மேலே ஏறும் முன்கதையை வாசித்துக் கொடுத்தால் போதும்.

வாசித்தாள். நாலாவது தடவையும் பாதியில் நின்றாள்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?" ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் கேட்டார். அவருக்கு இது முதல் படம்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. வாக்கியந்தான் சரியில்ல. ராணிக்கு அண்ணன், அண்ணனுக்கு மாமனார், மாமனாருக்கு எதிரின்னு மூச்சு விடாம போகுது. எனக்கே மூச்சு வாங்குது, டிக்கெட் வாங்கினவன் என்ன செய்வான்?"

இயக்குநரின் முகம் சுருங்கியது. "அதை எழுத எனக்கு ஒரு மாசமாச்சு. நீங்க குரல் குடுக்கத்தான் வந்தீங்க."

"குடுக்கறேன். கால் மணி நேரம் பொறுங்க."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள், அடித்தாள், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மாமனார் போனார். எதிரி தன் படையோடு போனான். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

தீவுக்கு ஒரே ஒரு கலங்கரை விளக்கம்.
அதைக் கட்டியவள் ராணி.
சொந்த அண்ணனே அவளைத் துரத்திவிட்டு அரியணை ஏறினான்.
இன்று அவள் மகள் கப்பலில் வருகிறாள்.

இயக்குநர் உள்ளே வந்து இரண்டு முறை படித்தார். "அந்தக் கலங்கரை விளக்கம்..."

"உங்க தாள்ல பதினோராவது வரியில ஒளிஞ்சிருந்துச்சு. முன்னாடி இழுத்து விட்டேன்."

அவர் தயங்கினார். "கோச்சுக்காதீங்கக்கா. இதுக்குக் குரலே வேணாம்னு தோணுது. அலைச் சத்தம் போதும்."

ஒரு நொடி அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"வேணாந்தான். ஆனா முன்கதை எழுதினது நான்னு பேரைப் போட்டுடணும்."

"கண்டிப்பா போடறேன்."

படம் வெளியான அன்று நாத்தனாரை அழைத்துக்கொண்டு பகல் காட்சிக்குப் போனாள். வரிகள் ஏறின. முன்வரிசையில் ஒருவர் தன் அம்மாவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டினார். கடைசி வரி மறைவதற்குள் முடித்தும் விட்டார்.

"அந்த அண்ணன்காரன் இன்னும் உசுரோட இருக்கானா?" என்றாள் அந்த அம்மா, கோபமாக.

"அண்ணி, உங்க குரல் எங்க?" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

"வராது. பேசாம பாரு."

மறுவாரம் இயக்குநர் போன் செய்தார். "அடுத்த கதை ரெடிக்கா. முன்கதை எழுதித் தரணும்."

"முதல்ல கதைய அனுப்புங்க தம்பி. முன்கதை வேணுமா வேணாமான்னு படிச்சுட்டுச் சொல்றேன்."