தீப்பற்றாத சாம்பேன்

1996 ஜூன். களுதாவளையில் மூன்று மாதமாக மழை இல்லை.

மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்று கேட்டு, பாரிசிலிருந்த மச்சானுக்குக் கனகசிங்கம் எழுதியிருந்தார். வந்து சேர்ந்ததோ சாம்பேன் என்ற நுரைக்கும் மதுப் போத்தல் ஒன்று. 'ரெண்டு மிசின் விலை, கவனம்' என்று கூடவே ஒரு கடிதம்.

"இதைச் செடிக்கா ஊத்துற? உன்ட அண்ணனுக்கு விசரா?" என்று மனைவி புஸ்பத்திடம் கத்தினார்.

சாராயக் கடைக்காரர் சீனித்தம்பியிடம் பழைய மிசின் ஒன்று சும்மா கிடந்தது. போத்தலைக் கொடுத்து அதை வாங்கிவிடப் போனார். சீனித்தம்பி தக்கையைத் திருகினார். அது பறந்துபோய்க் கூரையில் மோதியது. நல்ல சாராயமென்றால் தீப்பற்றும் என்று எப்போதும் சோதிப்பதுபோல, தட்டில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினார். பற்றவில்லை.

"சோடா மனே இது. ஒன்ட மச்சான ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டான்."

"விலையப் பாருங்க அண்ணன், கடிதத்தில கிடக்கு!"

"விலையப் பத்தவைக்க ஏலாதே."

கனகசிங்கம் வாளியால் இறைத்தார். ஜூலை முடிவதற்குள் பாதிச் செடிகள் கருகிவிட்டன.