போணிக்கு நாலு வரி

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் அருணகிரிக்கு வயது அறுபத்திரண்டு. படவேட்டிலிருந்து மலையேறி வந்து முப்பத்தைந்து வருடமாகப் புளி, சாமை, தேன் என்று கைமாற்றிவிடுகிற ஆள். அவரிடம் பேரத்தில் ஜெயித்தவர்கள் கிடையாது. ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவர்கள் நிறைய.

அப்பேர்ப்பட்டவர் ஒரு வருடமாகத் தன்னிடமே தோற்றுக்கொண்டிருந்தார்.

"கதையெல்லாம் வாயிலயே வச்சிருந்தா எப்படிப்பா? எழுதுங்க" என்று மகன் பிரகாஷ் வேலூரிலிருந்து ஒரு மேசையும் ஆறு நோட்டும் வாங்கி அனுப்பியிருந்தான். தினம் மூன்று பக்கம் என்று தனக்குத்தானே விலை சொல்லி ஆரம்பித்தார் அருணகிரி. மறுநாளே அது ஒரு பக்கத்துக்கு இறங்கியது. வாரக் கடைசியில் அரைப் பக்கம். அப்புறம், 'இன்றைக்கு யோசித்து வைக்கிறேன், நாளைக்குச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்' என்று படிந்தது. விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் வேறென்ன நடக்கும்? மேசை சும்மா கிடப்பதைப் பார்த்து மனைவி மங்கம்மாள் அதில் வடாம் காயப்போட்டாள்.

உள்ளுக்குள் வேறொரு காரணமும் இருந்தது. எழுதிக் கொடுப்பது அவர் சுபாவத்துக்கே ஆகாது. காலையில் வாயால் சொன்ன விலையை மாலையில் மாற்றிக்கொள்ளலாம். எழுதிவிட்டால் எழுதினது எழுதினதுதான். கதைக்கும் அதே நியாயம். கரடிக் கதையை அவர் கல்யாண வீடுகளில் முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார். வருடத்துக்கு வருடம் கரடி வளர்ந்தது. கூடவே அருணகிரியும் வளர்ந்தார்.

கதை இதுதான். புளிய மரத்துக்கு மதிப்புப் போடப் போன இடத்தில் கரடி வந்துவிட, அவரும் மரத்துக்காரர் தீர்த்தகிரியும் மரத்தில் ஏறிக்கொண்டார்கள். கரடி அடியிலேயே உட்கார்ந்துவிட்டது. தீர்த்தகிரி கிளையைக் கட்டிக்கொண்டு நடுங்க, அருணகிரி அந்தரத்திலேயே பேரம் பேசி, மரத்துப் புளி மொத்தத்தையும் பாதி விலைக்கு முடித்து, செருப்பை வீசிக் கரடியையும் விரட்டினார்.

அந்தத் தீர்த்தகிரி போன வருடம் காலமானார். தை பிறந்து நாலாம் நாள், அவர் மனைவி குப்பம்மா கடை திறக்கிற நேரத்துக்கு வந்து நின்றாள். ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு. எழுத்து வாசனை இல்லாதவள். ஆனால் தராசு முள் நூலளவு சாய்ந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"யாவாரி, மாசியில அவருக்குத் தெவசம். கரடிக் கதைய எழுதிக் குடு. பேரப் பசங்க முன்னால படிக்கணும்."

"எழுதலாங்கா. மெதுவா..."

"மெதுவான்னா? அங்க இருந்தது மூணு பேரு. ஒருத்தரு செத்துட்டாரு. கரடி எழுதாது. மிச்சம் நீதான்."

"இப்போ கையில சரக்கு இல்லக்கா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்லாவில் ஏற்றிய கற்பூரம் இன்னும் அணையவில்லை. முதல் போணிக்கு வந்து நிற்பவளிடம் 'இல்லை' என்று சொன்ன கடைக்காரன் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

குப்பம்மா நகரவில்லை. "போணி நேரத்துல வெறுங்கையா அனுப்புறியா?"

"அய்யய்யோ, இன்னாக்கா இது! எவ்ளோ வேணும்?"

"ஒரு பக்கம்."

"ரெண்டு வரி."

"முக்கா பக்கம்."

"நாலு வரி. கடைசி விலை. இதுக்கு மேல எனக்கே கட்டாது."

"தினம் நாலு வரின்னா சரி" என்று முடித்துவிட்டாள் குப்பம்மா. தினம் என்ற சொல்லை அவள் எப்போது உள்ளே நுழைத்தாள் என்று அருணகிரி யோசிப்பதற்குள், அவர் கையில் ஒரு நெல்லிக்காய் இருந்தது. போணி விலை.

பொட்டலம் மடிக்கிற காகிதத்தில் நின்றபடியே நாலு வரி எழுதிப் படித்துக் காட்டினார். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். ஒருநாள் காய்ச்சல் என்று அருணகிரி படுத்துக்கொள்ள, "கடைய மங்கம்மா தெறந்துருக்குதே, அப்ப போணி உண்டு" என்று நேரே கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் வந்து கட்டிலோரம் நின்றாள். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு எழுதியது.

பத்து நாளில் அவருக்கு ஒரு நோய் பிடித்துக்கொண்டது. சாமை அளக்கும்போதே நாளைய நாலு வரி வாய்க்குள் ஓடும். நாலாவது படியா ஐந்தாவது படியா என்று மறந்துபோகும். மங்கம்மாள் மேசையிலிருந்து வடாத்தை எடுத்தாள். நெல்லிக்காயைப் பிளந்து காயப்போட்டாள். "எழுத ஆரம்பிச்சு நீங்க இன்னா சாதிச்சீங்களோ, எனக்கு ஒரு ஜாடி ஊறுகா ஆச்சு."

எல்லாம் மரம் ஏறும் வரைக்கும்தான்.

தெவசத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், 'தீர்த்தகிரி கிளையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்' என்று படித்தார். குப்பம்மா நீட்டிய நெல்லிக்காயைத் திரும்ப மடியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு வாணாம்."

"இன்னாக்கா?"

"பூச்சி அடிச்ச சரக்கு. வேற எடு."

"முப்பது வருசமா எல்லாரும் வாங்குன சரக்குக்கா!"

"அவங்களுக்கு ருசி தெரியாது. அன்னிக்கு ராத்திரி அவரு வூட்டுக்கு வந்து நடந்தது எல்லாத்தையும் சொன்னாரு. 'யாராண்டயும் சொல்லாத, யாவாரி பொழப்புக்கு வந்தவன், பேரு கெட்டுப்போவும்'னாரு. நானும் வாயத் தொறக்கல. நீ தொறந்தது பத்தாதா?"

போய்விட்டாள். போணி திரும்பிவிட்ட கடையில் அன்றைக்கு ஒரு தீப்பெட்டிகூட விற்கவில்லை. ஆனால் அருணகிரியை உறுத்தியது அதுவல்ல. கல்யாணப் பந்திகளில் அவர் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தீர்த்தகிரியும் எதிர் வரிசையில் இருந்திருக்கிறார். எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டு, ரசம் கேட்டு வாங்கிக்கொண்டு.

மறுநாள் விடிந்ததும் கடைக்குப் போகாமல் மேசைக்குப் போனார். முதன்முறையாக. நெல்லிக்காய்களை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டு எழுதினார். பேனா இரண்டு தடவை நின்றது; இரண்டு தடவையும் செருப்பு வீசுகிற இடத்தில். கடைசியில் செருப்பை வெட்டினார்.

கற்பூரம் எரிந்துகொண்டிருக்கையில் குப்பம்மா வந்தாள். அருணகிரி நோட்டைப் பார்த்துப் படித்தார். குரல் மட்டும் எடை குறைந்திருந்தது.

"நான் தீர்த்தகிரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். என்ன விலை கேட்டாலும் தருகிறேன், கரடியை ஓட்டிவிடு என்றேன். அவர் விலை பேசவில்லை. துரட்டிக்கோலால் மரத்தை அடித்துக்கொண்டே கத்தியபடி இறங்கினார், கரடி போய்விட்டது. நான் சொன்ன விலையைக் கொடுக்க வந்தபோது, 'பயத்துல சொன்ன விலை எனக்கு வாணாம் யாவாரி, தண்ணி குடிச்சுட்டு நெதானமா பேசலாம்' என்றார்."

குப்பம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மடியில் கைவிட்டு இரண்டு நெல்லிக்காய் எடுத்து வைத்தாள்.

"ரெண்டு எதுக்குக்கா?"

"நேத்திக்கும் சேத்து."

தெவசத்தன்று அவரே படித்தார். இடுப்பைக் கட்டிக்கொண்ட இடத்தில் பேரப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்; மறுபடி படிக்கச் சொன்னார்கள். மறுபடி படித்தார். அந்த இடத்தில் இரண்டு தேம்பலைக் கூடப் போட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

அதோடு கொடுக்கல் வாங்கல் முடிந்தது. மறுநாள் காலை குப்பம்மா வந்தாள்.

"அரைக் கிலோ உப்பு."

அருணகிரி உப்பை நிறுத்தார். பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். "உப்பு மட்டுமா?"

"வேற இன்னா இருக்குது?"

"கரடி அப்புறம் எங்க போச்சுன்னு..." குரலைத் தாழ்த்தினார். "நாலு வரி இருக்குது. காலையிலயே எழுதிட்டேன்."

"கரடி எங்கியோ போவுது. எனக்கு வேல கெடக்குது."

"ஒரு நிமிசம்க்கா. கேட்டுட்டுப் போ."

குப்பம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். தேவை யார் பக்கம் இருக்கிறது என்று கண்டுகொண்ட பார்வை. கல்லா ஓரம் இருந்த சாமை மூட்டையின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"கேக்குறேன். இன்னா தருவ?"

முப்பத்தைந்து வருட வியாபாரி வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"மங்கா! அந்த ஊறுகா ஜாடிய எடுத்துனு வா."